நாடா மட்டும் திரும்பி வந்தது: வேற்றுக்கிரகத் திகில் படங்களுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கேமரா கிடைக்கிறது, அதைப் பிடித்திருந்தவர் கிடைக்கவில்லை. ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ எனப்படும் திரைப்பட வகை இந்த ஓர் ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. கதைமாந்தர் தம் கையிலிருந்த கேமராவில் எடுத்த பதிவு, அவர்கள் மறைந்த பின்னர் யாரிடமோ சிக்கி, இப்போது நம் முன்னே ஓடுகிறது என்பது அதன் பாவனை. வானத்தில் விளக்குகளைக் கண்டு, அவற்றைத் தேடிப் போய்த் திரும்பி வராத பதின்ம வயதினரைப் பற்றிய படங்கள் இவ்வகையின் ஒரு கிளை. அதற்குள் முதன்முறையாக நுழைபவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் ஏமாற்றமடைகிறார்கள். வேற்றுக்கிரகவாசியைப் பார்ப்பதற்கென்று உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் சில நொடிகள் மட்டும் ஒரு மங்கிய உருவத்தையோ ஒரு வெளிச்சத்தையோ கண்டு, “இவ்வளவுதானா?” என்று எழுந்துவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் படத்தில் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆகவே எந்தப் படத்தை எந்த வரிசையில், எந்தக் கேள்விகளோடு பார்க்கலாம் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். படங்களின் முடிவுகளை வெளிப்படுத்தவில்லை.

முதல் படி: மூன்று கேள்விகள்

எந்தப் படத்தைத் தொடங்குமுன்னும் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் பிடித்திருப்பவர் யார், உயிருக்கு ஆபத்து வந்த பிறகும் அவர் ஏன் அதைக் கீழே வைக்கவில்லை என்பது ஒன்று. அந்தப் பதிவு எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது, அதை வெட்டித் தொகுத்தவர் யார் என்பது இரண்டாவது. போனவர்கள் போய்விட்டார்கள், வீட்டில் காத்திருந்தவர் யார் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நேர்மையாக விடை வைத்திருக்கும் படம், பணம் குறைவாகவும் நடிப்பு சுமாராகவும் இருந்தாலும், நம்மைப் பிடித்து உட்கார வைத்துவிடும். விடையில்லாத படத்தை எவ்வளவு செலவழித்து எடுத்தாலும் நடுவில் எங்கோ நம்பிக்கை கழன்றுவிடும்.

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. 266-லிருந்து 269-க்குத் தாவும்போது ஏட்டில் என்ன இருந்திருக்கும் என்று மனம் ஒரு கணம் தேடுகிறதல்லவா? அந்தத் தேடலைப் பயமாக மாற்றுவதுதான் இந்தப் படங்களின் தொழில். பதிவில் இருப்பதைவிட இல்லாததைக் கவனிக்கப் பழகுவதுதான் இங்கே பயிற்சி.

இரண்டாம் படி: பார்க்கும் இடத்தைச் சரிசெய்தல்

கையில் பிடித்த கேமரா ஆடும். ஓடுகிறவர் கையில் இருந்தால் இன்னும் ஆடும். 2008-இல் ‘க்ளோவர்ஃபீல்ட்’ வெளியானபோது, தலைசுற்றல் வரக்கூடும் என்று அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் அறிவிப்பே ஒட்டினார்கள். பேருந்தில் பயணம் செய்யும்போது குமட்டல் வருகிறவர் நீங்கள் என்றால், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். அறையை முழுவதும் இருட்டாக்காமல் ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். ஆட்டம் மிகும்போது சற்று நேரம் திரைக்கு வெளியே அசையாத ஒரு பொருளைப் பாருங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், விருந்து முடிந்த கையோடும் வேண்டாம்.

படத்தைவிட ஒலி முக்கியம். கேமரா காட்டாத திசையில் என்ன நடக்கிறது என்பதை ஒலிதான் சொல்லும். ஆதலால் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியை நம்பாமல் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்பதால் துணையுரையையும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடியோ கேமராவின் சட்டகம் ஏறத்தாழச் சதுரமாக, நாலுக்கு மூன்று என்ற அளவில் இருக்கும். அதை அகலத்திரைக்கு இழுத்துக்காட்டும் அமைப்பு உங்கள் தொலைக்காட்சியில் இயங்கினால் அணைத்துவிடுங்கள். இருபுறமும் தெரியும் கறுப்புப் பட்டைகள் குறையல்ல. சட்டகத்துக்கு வெளியே இருப்பது நமக்குத் தெரியாது என்பதை அவை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன. முன்னோட்டக் காட்சிகளை மட்டும் பார்க்கவே பார்க்காதீர்கள். மறைத்து வைத்திருக்கும் அந்தச் சில நொடிகளைத்தான் விளம்பரக்காரர்கள் முதலில் எடுத்துப் போடுகிறார்கள்.

மூன்றாம் படி: உண்மை நிகழ்வை முதலில் அறிதல்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். என் கணிப்பில் இதுவே இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி. இந்தக் கிளைப் படங்கள் உண்மையில் நடந்த ஒன்றின் ஓரத்தில் பொய்யைத் தைக்கின்றன. தையல் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டுமானால் துணி முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

1997 மார்ச் 13, வியாழக்கிழமை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த வாரங்கள் அவை என்பதால், வழக்கத்தைவிட அதிகமானோர் அன்று மாலை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெவாடா எல்லைப் பகுதியிலிருந்து ஃபீனிக்ஸ் நகரைக் கடந்து டூசான் வரை ஏறத்தாழ 300 மைல் நீளத்துக்கு, பற்பல ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் விளக்குகளைக் கண்டதாகச் சொன்னார்கள். ‘ஃபீனிக்ஸ் விளக்குகள்’ என்று ஒரே பெயரில் வழங்கினாலும் அன்று நடந்தவை இரண்டு நிகழ்வுகள் என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு எட்டு மணியை ஒட்டி ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் ஓர் அணி வடக்கிலிருந்து தெற்காக ஓசையின்றி நகர்ந்துபோனது முதலாவது. பத்து மணியளவில் நகரின் தென்மேற்கே ஒரு வரிசை விளக்குகள் தோன்றி, அசையாமல் தொங்குவதுபோல் நின்று, ஒவ்வொன்றாக அணைந்தது இரண்டாவது.

இரண்டாவதற்கு உறுதியான விளக்கம் இருக்கிறது. மேரிலாந்து விமானப்படைத் தேசியக் காவல் பிரிவின் ஏ-10 விமானங்கள், பேரி கோல்ட்வாட்டர் பயிற்சித் திடலின்மேல் பாராசூட் கட்டிய ஒளிக்குண்டுகளைப் போட்டிருந்தன. எரியும் வெப்பமே பாராசூட்டைத் தாங்கிப் பிடிப்பதால் அவை மிக மெதுவாக இறங்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நிற்பதாகவே தோன்றும். பொதுமக்கள் எடுத்த இரவு வீடியோவின்மேல், அதே இடத்திலிருந்து பகலில் எடுத்த படத்தைப் பொருத்திப் பார்த்தபோது, விளக்குகள் அணைந்த புள்ளிகள் சியர்ரா எஸ்ட்ரெல்லா மலையின் விளிம்போடு ஒத்துப்போயின. விளக்குகள் அணையவில்லை, மலைக்குப் பின்னால் இறங்கியிருக்கின்றன. இருட்டில் மலை தெரியாததால் நடுவானில் மறைந்ததாகப் பட்டிருக்கிறது. ஒரு பதிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் படத்திலும் இல்லை. முதல் நிகழ்வைப் பொறுத்தவரை, அணிவகுத்துச் சென்ற விமானங்கள் என்பது ஐயவாதிகளின் முடிவு. தலைக்கு மேலே நட்சத்திரங்களை மறைத்தபடி ஒரே பெரிய உடல் கடந்துபோனது என்பது பார்த்தவர்கள் பலரின் சாட்சியம்.

அப்போதைய ஆளுநர் ஃபைஃப் சிமிங்டன் 1997 ஜூனில் செய்தியாளர் கூட்டம் கூட்டி, தம் அலுவலர் ஒருவருக்கு வேற்றுக்கிரகவாசி வேடமிட்டு அழைத்துவந்து சிரிக்கவைத்தார். அதே சிமிங்டன் 2007-இல், அன்றிரவு தாமும் அந்த வடிவத்தைக் கண்டதாக அறிவித்தார். எந்தத் திரைக்கதையாசிரியரும் இதை எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள்.

நான்காம் படி: ‘ஃபீனிக்ஸ் ஃபர்காட்டன்’

இப்போது முதல் படத்துக்கு வரலாம். ஜஸ்டின் பார்பர் இயக்கி, ரிட்லி ஸ்காட் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்து, 2017 ஏப்ரலில் வெளியான ‘ஃபீனிக்ஸ் ஃபர்காட்டன்’ இந்தக் கிளைக்கு மிகப் பொருத்தமான வாசல். இரத்தமும் வன்முறையும் குறைவு. அமெரிக்கத் தணிக்கையில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்று பெற்ற படம். பெரும் வெற்றி பெறவில்லை. விமர்சகர்களும் அவ்வளவாகக் கொண்டாடவில்லை. இருந்தாலும் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாக விடை வைத்திருக்கும் படம் என்பதால் இதைத்தான் முதலில் வைக்கிறேன்.

தங்கை சோஃபியின் ஆறாவது பிறந்தநாள் விருந்தை ஜாஷ் என்னும் பள்ளி மாணவன் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போது வானத்தில் விளக்குகள் தோன்றுகின்றன. அவற்றின் உண்மையைத் தேடி ஆஷ்லி, மார்க் என்னும் இரு நண்பர்களோடு அவன் பாலைவனத்துக்குப் போகிறான்; மூவரும் திரும்பவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, வளர்ந்துவிட்ட சோஃபி கையில் கேமராவோடு ஊருக்குத் திரும்பி, அண்ணனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் தொடங்குகிறாள். படத்தில் வரும் ஊர், தேதி, விளக்குகள் உண்மை. மூன்று மாணவர்களும் சோஃபியும் கற்பனை. அந்த இரவில் அப்படி யாரும் காணாமல் போகவில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது இன்பத்தைக் கெடுக்காது. கெடுக்கும் என்று அஞ்சுவோர் நான் சொல்வதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

பார்க்கும்போது இரண்டு கேமராக்களையும் பிரித்துப் பாருங்கள். ஜாஷின் கேமரா ஆடும், தவறான இடத்தில் குவியும், பிடித்த பெண்ணின் முகத்தில் தேவைக்கு மேல் ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியில் அவன் யார் என்பது தெரிந்துவிடுகிறது. சோஃபியின் கேமரா அமைதியானது, நேர்காணலுக்கென்று நிறுத்திவைத்தது. ஆனால் பெற்றோர் பேசும்போது எங்கே வெட்டுகிறாள், எங்கே வெட்டாமல் விடுகிறாள் என்பதில் அவள் நிலை வெளிப்படும். பிரிந்துபோன பெற்றோர் பிள்ளையைப் பற்றிப் பேசும் காட்சிகளை ‘இன்னும் ஆரம்பிக்கவில்லை’ என்று ஓட்டிவிடுபவர்கள் உண்டு. அப்படி ஓட்டிவிட்டால் பிற்பகுதியில் வரும் கடைசி நாடாவுக்கு எடையே இருக்காது. அந்த நாடாவை நாம் ஒரு தங்கையின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

இடையில் ஒரு குறிப்பு: மறைந்த நேரம்

முதல் படம் முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாமல் ஒரு நாள் இடைவெளி விட்டு, இந்தக் கதைகளின் மூலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1961 செப்டம்பர் 19 இரவு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பார்னி ஹில், பெட்டி ஹில் தம்பதியர் ஒரு வெளிச்சம் தங்களைப் பின்தொடர்ந்ததாகவும், பயணத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தங்கள் நினைவில் இல்லை என்றும் சொன்னார்கள். பின்னர் ஒரு மருத்துவர் அறிதுயிலில் ஆழ்த்திக் கேட்டபோது கடத்தல் கதை விரிந்தது. கடத்தப்பட்டதாகச் சொல்வோர் பலர் பின்னாளில் கையாண்ட ‘மறைந்த நேரம்’ என்ற கருத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. நின்றுபோகும் கைக்கடிகாரம் ஹில் தம்பதியர் கதையிலேயே உண்டு; வானொலியில் இரைச்சல், மூக்கில் வழியும் இரத்தம் போன்றவை அதன் பின் சேர்ந்த அடையாளங்கள்.

நினைவில் ஓட்டை விழுந்த கதையைச் சொல்வதற்கு வீடியோ நாடாவைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. யாரோ கேமராவை அணைக்கிறார்கள். மீண்டும் இயங்கும்போது இடம் மாறியிருக்கிறது, மூலையில் இருக்கும் மணி நாற்பது நிமிடம் தாவியிருக்கிறது. எந்த விளக்கமும் இல்லாமல் ‘மறைந்த நேரம்’ நம் கண்முன் நிகழ்ந்துவிட்டது. திரையின் மூலையில் தேதியும் நேரமும் ஓடும் படங்களில் அந்த எண்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஐந்தாம் படி: 1989-க்குத் திரும்புதல்

1999-இன் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ இந்த வகையை உலகறியச் செய்த படம். பார்த்திராவிட்டால் இந்த இடத்தில் பார்த்துவிடுங்கள். வேற்றுக்கிரகம் எதுவும் இல்லை. மேரிலாந்துக் காட்டுக்குள் போன மூன்று திரைப்பட மாணவர்கள் திரும்பவில்லை, அவ்வளவுதான். நடிகர்கள் காணாமல் போனதாகவே இணையத்திலும் சுவரொட்டிகளிலும் பரப்பி, சில பத்தாயிரம் டாலரில் எடுத்த படத்தை 24 கோடி டாலருக்கு மேல் வசூலிக்கச் செய்தார்கள். ஃபீனிக்ஸ் மாணவர்கள் மூவரும் இந்த மூவரின் தம்பி தங்கைகள்.

ஆனால் வேற்றுக்கிரகக் கிளை அதற்கும் பத்தாண்டு மூத்தது. டீன் அலியோட்டோ 1989-இல் 6,500 டாலர் செலவில் எடுத்த ‘யுஎஃப்ஓ அப்டக்ஷன்’, பின்னாளில் ‘தி மெக்பர்சன் டேப்’ என்ற பெயரால் அறியப்பட்டது. இங்கேயும் ஒரு சிறுமியின் பிறந்தநாள் விருந்து, இங்கேயும் அதை எடுக்கும் வீட்டுக் கேமரா. 1980-களில் ஒரு குடும்பம் கேமராவை வெளியே எடுக்கப் பிறந்தநாளைவிட இயல்பான காரணம் ஏது? மின்சாரம் போகிறது, அண்ணன் தம்பிகள் வெளியே போய் எதையோ பார்த்துவிட்டு ஓடிவருகிறார்கள். அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் பயத்தை மறக்கச் சீட்டு விளையாட உட்காருகிறார்கள். அந்தச் சீட்டாட்டம் எனக்கு மிகவும் பிடித்த இடம். பயந்த குடும்பம் உண்மையில் அப்படித்தான் எதையாவது செய்துகொண்டிருக்கும்.

இந்தப் படத்துக்கு நேர்ந்தது படத்தைவிட விசித்திரம். விநியோகஸ்தரின் கிடங்கு தீப்பிடித்து மூலப்பிரதியும் அட்டைகளும் அழிந்தன. முன்பே வெளியே போயிருந்த சில நாடாக்கள் மட்டும் பிழைத்தன. பெயர்ப்பட்டியல் நறுக்கப்பட்ட கள்ளப் பிரதிகளாக அவை கைமாறி, பறக்கும் தட்டு ஆர்வலர்களிடையே உண்மைப் பதிவாகவே உலவின. கண்டெடுத்த பதிவாக நடித்த படம், நிஜமாகவே கண்டெடுத்த பதிவாகிவிட்டது. பிரதியின் தரம் மோசமாக இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்; அந்தப் புள்ளிகளும் கோடுகளும் இதன் வரலாற்றைச் சேர்ந்தவை.

இதே இயக்குநர் 1998-இல் இக்கதையையே தொலைக்காட்சிக்காக மறுபடி எடுத்தார். ‘ஏலியன் அப்டக்ஷன்: இன்சிடென்ட் இன் லேக் கவுன்ட்டி’ என்ற அந்தப் படம் அமெரிக்காவின் யுபிஎன் அலைவரிசையில் ஒளிபரப்பானது. இம்முறை மாண்டானா மாநிலம், நன்றி நவிலும் நாள் விருந்து. கேமரா 16 வயது டாமியின் கையில். நடுநடுவே நிபுணர் நேர்காணல்கள் சேர்க்கப்பட்டன. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பாருங்கள். நடிப்பும் வெளிச்சமும் இரண்டாவதில் மேல். பயம் முதலாவதில் அதிகம். நேர்காணல் ஒவ்வொரு முறை குறுக்கிடும்போதும் அந்த இருட்டு வீட்டிலிருந்து நம்மை வெளியே இழுத்துவிடுகிறது. சோஃபியின் நேர்காணல்கள் கதையை ஆழமாக்கியதற்கும் இவை மெலிதாக்கியதற்கும் காரணம், இங்கே பேசுகிற யாரும் எதையும் இழந்தவர்கள் அல்லர்.

ஆறாம் படி: கேமராவை விடாத சிறுவன்

‘ஏலியன் அப்டக்ஷன்’ என்ற பெயரிலேயே 2014-இல் வேறொரு படம் வந்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம். மேட்டி பெக்கர்மேன் இயக்கிய இது வட கரோலினாவின் பிரவுன் மலை விளக்குகளை அடிப்படையாகக் கொண்டது. அந்த விளக்குகளை அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1913-லும் 1922-லும் ஆராய்ந்து, கார்களின் முகப்பு விளக்குகளும் ரயில் இஞ்சின் விளக்குகளும் புதர்த்தீயும்தான் பெரும்பான்மைக் காரணம் என்றது. படத்தில் கேமராவைப் பிடித்திருப்பவன் ஆட்டிசம் உள்ள பதினோரு வயது ரைலி. கேமரா வழியாக உலகைப் பார்ப்பதே அவனுக்கு ஆறுதல் என்பதால், ‘ஏன் கீழே வைக்கவில்லை?’ என்ற முதல் கேள்விக்கு இவ்வகைப் படங்களில் கிடைக்கும் மிக நல்ல விடைகளில் ஒன்று இது. குணமாக இல்லாமல் வெறும் திரைக்கதை வசதியாக ஆட்டிசத்தைக் கையாண்டிருக்கிறார்களோ என்ற உறுத்தலும் எனக்கு உண்டு. இரண்டையும் மனத்தில் வைத்தே பாருங்கள்.

ஏழாம் படி: எச்சரிக்கையோடு அணுக வேண்டியவை

2009-இன் ‘தி ஃபோர்த் கைண்ட்’ தொடக்கத்திலேயே நடிகை மில்லா யோவோவிச் நம்மை நோக்கி வந்து, தாம் நடிகை என்றும், படத்தில் சேர்த்துள்ள பழைய பதிவுகள் உண்மை என்றும் சொல்கிறார். அவை உண்மையல்ல, அவற்றில் வருபவரும் நடிகையே. இது வகையின் மரபான விளையாட்டு என்று விட்டுவிடலாம், கதை நடக்கும் ஊர் அலாஸ்காவின் நோம் என்பது மட்டும் இல்லாதிருந்தால். அந்தச் சிற்றூரில் 1960-களிலிருந்து 20-க்கும் மேற்பட்டோர் மெய்யாகவே காணாமல் போயிருந்தார்கள் அல்லது இறந்திருந்தார்கள். அவர்களில் பலர் அப்பகுதிப் பழங்குடியினர். எஃப்பிஐ விசாரித்து, மதுவும் கடுங்குளிரும்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தது. அந்தத் துயரத்தின்மேல் வேற்றுக்கிரகக் கதையைப் போர்த்தியதோடு, விளம்பரத்துக்காக அலாஸ்கா நாளேடுகளின் பெயரில் பொய்ச் செய்திகளும் இணையத்தில் போடப்பட்டன. பிறகு யுனிவர்சல் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்து, அலாஸ்கா பிரஸ் கிளப்புக்கு 20,000 டாலர் கொடுத்தது. மூன்றாவது கேள்வியை, வீட்டில் காத்திருந்தவர் யார் என்பதை, இந்தப் படத்துக்குத் திரைக்கு வெளியே கேட்க வேண்டியிருக்கிறது. பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். முதல் படமாக மட்டும் பார்க்காதீர்கள்.

இன்னோர் எச்சரிக்கை. ‘காணாமல் போன பதின்ம வயதினர்’ என்று தேடினால் ‘மேகன் இஸ் மிஸ்ஸிங்’ என்ற 2011-ஆம் ஆண்டுப் படம் பட்டியலில் வந்து நிற்கும். அதில் வேற்றுக்கிரகம் இல்லை. கடத்துபவன் மனிதன், இறுதிப் பகுதி தாங்க முடியாத கொடுமை. நியூசிலாந்து அதைத் தடை செய்தது. 2020-இல் அப்படம் இளையோரிடையே மறுபடி பரவியபோது, நள்ளிரவில் பார்க்க வேண்டாம், தனியாகப் பார்க்க வேண்டாம் என்று இயக்குநர் மைக்கேல் கோயே டிக்டாக்கில் வந்து எச்சரித்தார். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், இந்த வரிசையை அவர்களிடம் கொடுக்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: கடைசி இரவு

இவ்வளவும் பார்த்தபின் 2013-இன் ‘வி/எச்/எஸ்/2’ தொகுப்புப் படத்தில் ஜேசன் ஐஸ்னர் இயக்கிய கடைசிக் குறும்படத்தைப் பாருங்கள். தொகுப்பின் மற்றப் பகுதிகள் இரத்தம் மிகுந்தவை; வேண்டாதவர்கள் நேராக அதற்கே போகலாம். பெற்றோர் வெளியூர் போயிருக்கும் ஏரிக்கரை வீடு, கும்மாளமிடும் சிறுவர்கள், அக்காவும் அவள் நண்பர்களும், நள்ளிரவில் கப்பல் சங்குபோல் ஊதும் ஓர் ஓசை. கதை என்று வேறெதுவும் இல்லை, தேவையும் இல்லை. கேமராவைச் சிறுவர்கள் தங்கள் நாயின் உடலில் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் திகிலின் பெரும்பகுதியை நாம் முழங்கால் உயரத்திலிருந்து பார்க்கிறோம். உயரமான அந்த உருவங்கள் இன்னும் உயரமாகத் தெரிகின்றன, பிள்ளைகள் எங்கே ஓடினாலும் காட்சி பின்னாலேயே ஓடுகிறது. கேமராவை ஏன் கீழே வைக்கவில்லை என்று நாயிடம் யாரும் கேட்க முடியாது.